யார் பேரு மேல?

வலது காதில் அக்கா, இடது காதில் தங்கை. ஒரு கையில் தன் போன், இன்னொரு கையில் மனைவியின் போன். இரண்டையும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மஞ்சக்குப்பத்து அச்சகத்தின் வாசலில் நின்றிருந்தார் செந்தமிழ்செல்வன்.

"பத்திரிகைல யார் பேரு மேல வருது?" என்று கேட்டது வலது காது.

"அவ பேரு மேல வந்தா நான் சிதம்பரத்த விட்டே கெளம்பமாட்டேன்" என்றது இடது காது.

"உங்க பேருதாம்மா மேல" என்றார் செல்வன்.

எந்தக் காதுக்குப் பதில் சொன்னோம் என்பது அவருக்கே தெரியாது. இரண்டு காதுமே திருப்தியாகிப் போனை வைத்துவிட்டன.

அச்சகத்துக்குள்ளிருந்து முஹம்மது இஸ்மாயில் தலையை நீட்டினார். பள்ளிக்கூடத்து நாள் முதல் கூட்டாளி. அச்சகமும் அதை ஒட்டிய பிளெக்ஸ் பேனர் கடையும் அவருடையவை.

"இன்னா மச்சான், முடிவாச்சா? யாரு மேல?"

"ரெண்டு பேரும் மேல."

"அப்ப கீழ யாரு?"

"அதான் எனக்கும் தெரியல."

செல்வனுக்குப் பிழைப்பு செம்மங்குப்பம் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. மனசெல்லாம் கடலூர் நல்லிசை மன்றத்தில். மன்றத்துக்கு அவர்தான் செயலாளர், பொருளாளர், கச்சேரி முடிந்ததும் ஜமுக்காளத்தைச் சுருட்டுகிறவரும் அவர்தான். வருடம் தவறாமல் டிசம்பர் இருபத்தாறு மாலை ஒரு கச்சேரி நடத்திவிடுவார். 'நினைவும் அமைதியும்' என்று அதற்குப் பெயர். சுனாமியில் போனவர்களை நினைத்து, உலகத்தில் சண்டை சச்சரவு ஓயட்டும் என்று வேண்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் பாட்டு.

போனவர்களில் ஒருவன் அவருடைய தம்பி அருண்குமார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிரிக்கெட் ஆடப் போனவன் திரும்பவில்லை. அவனுக்குப் பாட்டென்றால் உயிர். அதிலும் வல்லம்படுகை சகோதரிகள் பாடினால் சைக்கிளிலேயே சிதம்பரம் வரை போய்க் கேட்டுவிட்டு வருவான். என்றைக்காவது ஒருநாள் அந்தச் சகோதரிகளை நம் மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்பது செல்வனின் இத்தனை வருடத்து ஆசை.

இந்த வருடம் அந்த ஆசை பலித்தது. போன் போட்டதும் அக்கா சௌந்தரம் வருவதாகச் சொல்லிவிட்டார். செல்வன் சந்தோஷத்தில் வீட்டுக்குள் ஒரு சுற்று ஓடி வந்தார். போனை வைப்பதற்குள் அக்கா ஒரு வார்த்தை சேர்த்தார்.

"தங்கச்சிகிட்ட நீங்களே பேசிக்குங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

தங்கை பொன்னியிடம் பேசினார். "வர்றேன். ஆனா அவளுக்குக் கீழ எம்பேரு வரக்கூடாது" என்றார் பொன்னி.

சண்டை எதற்கு என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. "அத மட்டும் கேக்காதீங்க" என்று இருவருமே ஒரே மாதிரி பெருமூச்சு விட்டார்கள்.

"பேசாம வேற ஆளப் பாரு மச்சான்" என்றார் இஸ்மாயில். "சேரக்கூடாத ரெண்டு கெமிக்கல ஒரே ரூம்ல வெக்கக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்கிற ஆளு நீ."

"அருணுக்காகடா."

இஸ்மாயில் ஆர்டர் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். அருணுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

செல்வன் யோசித்தார். யோசித்துக் கண்டுபிடித்த வழி அவருக்கே மிகவும் பிடித்துப்போனது. "ரெண்டு மாதிரி அடிச்சிடு. ஒண்ணுல அக்கா மேல, இன்னொண்ணுல தங்கச்சி மேல. அக்கா வீட்டுக்கு அக்கா பத்திரிகை. தங்கச்சி வீட்டுக்குத் தங்கச்சி பத்திரிகை. எப்படி?"

"ஏற்கெனவே ஒரு பத்திரிகைல நீ பட்டது போதாதா?"

செல்வன் முகம் சுருங்கியது. அந்தப் பத்திரிகையும் இதே அச்சகத்தில் அடித்ததுதான். மகள் காயத்ரியின் கல்யாணப் பத்திரிகை. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு அதன் கீழே உறவினர் பெயர்கள். முதல் பெயராக வரவேண்டியது பெண்ணின் பெரியப்பா, செல்வனின் அண்ணன் தட்சிணாமூர்த்தி. பெயர் நீளமாக இருந்ததால் மேல் வரிசையில் அடங்கவில்லை. அடங்கும்படி சின்னதாக இருந்த 'ஸ்ரீதர்' என்ற பெயரை அங்கே தூக்கிப் போட்டு, அண்ணனை அடுத்த வரிசைக்கு இறக்கிவிட்டார்கள். ஸ்ரீதர், செல்வனுடைய மனைவியின் தம்பி.

திருவதிகையிலிருந்து பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த அண்ணன், வரவேற்பு மேசையில் இருந்த பத்திரிகையை அப்போதுதான் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். சந்தனத்தைத் தொட்ட விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "மச்சானுக்கு அடுத்ததா நானு?" என்று ஒரே கேள்வி. பந்தியில் உட்காராமல் பஸ் ஏறியவர்தான், அதற்குப்பின் பேச்சே கிடையாது.

அருண் போனபிறகு அண்ணனும் தம்பியுமாகத்தான் இந்தக் கச்சேரியை ஆரம்பித்தார்கள். இப்போது முன்வரிசையில் அண்ணன் உட்காரும் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் ஒவ்வொரு வருடமும் காலியாக வைத்திருப்பார் செல்வன். கூப்பிடத் துணிச்சல் கிடையாது. கூப்பிட்டு வராமல் போய்விட்டால் அதைத் தாங்கவும் முடியாது.

"அது வேற, இது வேற. நீ அடி" என்றார் செல்வன்.

இஸ்மாயில் அடித்துக் கொடுத்தார்.

பத்திரிகைக் கட்டுகள் இரண்டையும் இரண்டு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மறுநாளே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார் செல்வன். அக்கா வீடு கீழ வீதி. தங்கை வீடு மேல வீதி. நடுவில் கோயில். இவர்கள் சண்டையில் நடராசர் யார் பக்கம் என்று தெரியாததால் இரண்டு கோபுரத்துக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கீழ வீதிக்குள் நுழைந்தார்.

சௌந்தரம் முறுக்கும் காபியும் கொடுத்து உபசரித்தார். "அவகிட்ட சொல்லிடுங்க. சின்னவ சின்னவளா இருக்கணும்" என்றார். வாசலில் அவருடைய காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் கொளஞ்சி எதையும் காதில் வாங்காதவராகத் துடைத்துக்கொண்டே இருந்தார். காருக்குள் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி, இஸ்திரி போட்ட இரண்டு வெள்ளைத் துண்டுகள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

மேல வீதியில் பொன்னியும் முறுக்கும் காபியும் கொடுத்தார். "பெரியவ பெரியவளா நடந்துக்கணும், சொல்லிடுங்க" என்றார். முறுக்கைக் கடித்த செல்வனுக்கு மனசு இளகிவிட்டது. அதே மொறுமொறுப்பு, அதே ஓமம். முகம் பார்த்துப் பேசாவிட்டாலும் கைப்பக்குவம் மாறவில்லையே என்று நினைத்துக்கொண்டார். வெளியே வந்தால் எதிரே கொளஞ்சி, கையில் ஒரு காலித் தூக்குடன் டிவிஎஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் எங்கப்பா?"

"காய் வாங்க வந்தேன் சார்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டும்போதுதான் செல்வனுக்கு உறைத்தது. இரண்டுமே மஞ்சள் பை. கீழ வீதியில் கொடுத்தது எந்தப் பை? மேல வீதியில் கொடுத்தது எந்தப் பை? குடிகாடு நிறுத்தம் வருவதற்குள் இரண்டு போனும் சேர்ந்து அடித்தன.

"அவ பேரு மேல போட்டு எனக்கே கொண்டாந்து குடுக்கிறீங்களா?" என்றார் அக்கா.

"எனக்கே கொண்டாந்து குடுக்க இன்னா தைரியம்?" என்றார் தங்கை.

பக்கத்து இருக்கைக்காரர் செல்வனை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு சம்சாரமா சார்?"

"ரெண்டு பாடகிங்க."

"அதுக்கு ரெண்டு சம்சாரமே மேல்" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இருவரிடமிருந்தும் நிபந்தனைகள் வந்துவிட்டன. தனித்தனி கார். தனித்தனி அறை. தனித்தனி காபி பிளாஸ்க். போதாததற்கு, அக்காவின் சுருதியில் நான் பாடமாட்டேன், எனக்கு அரைக்கட்டை ஏற்றி வேண்டும் என்றார் தங்கை. கேட்டுக்கொண்டிருந்த மனைவி இளவரசி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உலகத்துக்கு அமைதி வேணும்னு கச்சேரி வெக்கிறீங்க. கூடப்பொறந்தவர்கூடப் பேச உங்களுக்கு வாய் வரல. இதுல இன்னொருத்தர் வீட்டுச் சண்டைய வேற இழுத்து மேடையில ஏத்துறீங்க."

"நீ சும்மா இரு. மேடைல அவுங்கள ஒண்ணா உக்கார வெச்சாலே அருணுக்குப் பெரிய அஞ்சலி."

"அருணுக்கு இன்னா அஞ்சலி வேணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இருவரையும் சமாதானப்படுத்த அடுத்த வழி கண்டுபிடித்தார் செல்வன். திருப்பாதிரிப்புலியூரில் கச்சேரி நடக்கும் கல்யாண மண்டபத்துத் தெருவுக்கு இரண்டு முனை. கிழக்கு முனையில் அக்கா பெயர் மேலே போட்ட பிளெக்ஸ். மேற்கு முனையில் தங்கை பெயர் மேலே போட்ட பிளெக்ஸ். சிதம்பரத்திலிருந்து வரும் இரண்டு கார்களையும் தனித்தனி முனையில் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

தீரவில்லை. கிழக்குப் பக்கமாக வந்தவரும் மேற்குப் பக்கமாக வந்தவரும் நடுவில் இருந்த டீக்கடையில் சந்தித்துக்கொண்டார்கள். யார் பேரு மேல என்று அங்கே பெரிய விவாதம் நடந்தது. அன்று சாயங்காலமே கடலூர் பூராவும் பேச்சு பரவிவிட்டது. அக்காவும் தங்கச்சியும் மேடையிலேயே அடித்துக்கொள்ளப் போகிறார்களாம்.

வழக்கமாக மன்றத்தின் கச்சேரிக்கு வருகிறவர்களை எண்ண இரண்டு கை விரல்களும் கால் விரல்களும் போதும். அதிலும் பாதிப்பேர் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து டீ குடிக்கப் போனால் திரும்பமாட்டார்கள். இந்தத் தடவை செல்வனின் போன் ஓயவில்லை. சங்கீதத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்களெல்லாம் முன்வரிசை கேட்டார்கள்.

"சார், மீன் மார்க்கெட்லேர்ந்து பேசுறோம். ஒரு நாப்பது சேர் போட்டு வெய்யுங்க. சண்ட முன்னாடியே ஆரம்பிச்சிடுமா, கடைசியிலயா?"

"சண்டையெல்லாம் இல்லைங்க. இது அமைதிக்கான கச்சேரி."

"தெரியும் சார், பிளெக்ஸ்ல பாத்தோம். எத்தன மணிக்கு சண்டைன்னு மட்டும் சொல்லுங்க."

செல்வனுக்குப் பயமும் வந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமும் வந்தது. அருண் பெயரால் நடக்கும் கச்சேரிக்கு இவ்வளவு கூட்டம் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு மண்டபத்துக்கும் வீட்டுக்குமாகப் பறந்தார்.

அந்த நாளும் வந்தது. மண்டபத்தில் தங்குவதற்கு இரண்டு அறை. ஒன்றின் கதவில் 'மணமகள் அறை' என்று பித்தளைப் பலகை, மற்றதில் 'மணமகன் அறை'. ஆள் உயரக் கண்ணாடி மணமகள் அறையில்தான் இருந்தது. முதலில் வந்த சௌந்தரத்தை அங்கே உட்காரவைத்தார் செல்வன். அடுத்து வந்த பொன்னி பலகையைப் பார்த்தார்.

"அவ பொண்ணு, நான் மாப்பிள்ளையா?"

செல்வன் பலகைகள் மேல் பழைய காலண்டர் தாளை ஒட்டினார். கண்ணாடியை என் அறைக்குத் தூக்கி வாருங்கள் என்றார் தங்கை. தூக்கிப்போனதும், நான் பொட்டு வைக்கவேண்டும், திரும்பக் கொண்டுவாருங்கள் என்றார் அக்கா. இஸ்மாயிலும் செல்வனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடியோடு நடையாய் நடந்தார்கள்.

"மச்சான், இவ்வளவு தூரம் நான் பொண்ணு பாக்கக்கூட நடந்ததில்ல" என்று மூச்சு வாங்கினார் இஸ்மாயில்.

மேடையருகே மிருதங்கம் செம்பியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு சுருதிக்கு இரண்டு மிருதங்கம் சுமந்து வந்த கோபம். "ஒரு பாட்டு இவுங்க, ஒரு பாட்டு அவுங்கன்னா நான் எத மடியில வெச்சுக்கறது, எதத் தோள்ல வெச்சுக்கறது?" என்றார். வயலின்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் தந்தியை முறுக்கி முறுக்கி அவிழ்க்க வேண்டுமே என்று இப்போதே விரலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை அமர்க்களத்திலும் நிம்மதியாக இருந்தவர் கொளஞ்சி ஒருவர்தான். பக்கோடாவை மென்றுகொண்டே மேடையைச் சுற்றிப் பார்த்தார்.

"படி ரெண்டு பக்கமும் இருக்கா சார்?"

"இருக்கு. எதுக்குப்பா?"

"சும்மா கேட்டேன்." தோளில் அந்த இரண்டு வெள்ளைத் துண்டுகள்.

"துண்டு எதுக்கு ரெண்டு?"

"வேர்க்கும் சார்" என்றார் கொளஞ்சி. மார்கழி மாதத்துக் குளிரில் அவரே காதை மூடி மப்ளர் கட்டியிருந்தார்.

கடைசிச் சிக்கல் ஒன்று பாக்கி இருந்தது. யார் முதலில் பாடுவது? செல்வன் ஒரு அறைக் கதவைத் திறந்து, "நீங்கதாம்மா முதல்ல" என்று கிசுகிசுத்துவிட்டுச் சாத்தினார். அடுத்த அறைக் கதவைத் திறந்து, "நீங்கதாம்மா முதல்ல" என்று கிசுகிசுத்தார். மேடை ஏறிவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். அப்புறம் என்றால் எப்போது என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மீன் மார்க்கெட் நாற்பது சேரும் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் காலி. உட்கார வந்த ஒவ்வொருவரையும் இளவரசி, "அது ஆள் வர்ற சேரு" என்று சொல்லி விரட்டிக்கொண்டிருந்தாள்.

திரை விலகியது. இடது பக்கம் சௌந்தரம், வலது பக்கம் பொன்னி. நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவு இடைவெளி. இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் ஆர்வத்தில் முன்னால் சாய்ந்தது.

செல்வன் மைக்கைப் பிடித்தார். "சுனாமியில் உயிர்நீத்தவர்களுக்காகவும், உலக அமைதிக்காகவும், எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

எல்லோரும் எழுந்தார்கள். மண்டபமே அடங்கியது.

ஒரு நிமிடம் ஆனது. இப்போது செல்வன், 'நன்றி, அமருங்கள், இனி முதலில் பாடுவது' என்று சொல்ல வேண்டும். இடது பக்கம் பார்த்தார். சௌந்தரம் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வலது பக்கம் பார்த்தார். பொன்னி மைக்கை வாய்க்கு நேராக இழுத்துக்கொண்டிருந்தார். எந்தப் பெயரைச் சொன்னாலும் இன்னொரு பெயர் எழுந்து போய்விடும்.

வாயைத் திறக்காமலே நின்றார்.

மின்விசிறி மட்டும் சுற்றியது. முன்வரிசையில் ஒரு நகைக்கடைக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். மீன் மார்க்கெட் ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. செயலாளர் துக்கத்தில் பேச்சற்று நிற்கிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அங்கங்கே பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பின்னால் தூண் மறைவில் யாரோ ஒரு ஆண் வாய்விட்டே விசும்பினார்.

எத்தனை நேரம்தான் நிற்பது? இளவரசி விறுவிறுவென்று மேடையேறி வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் உக்காருங்க. இவுரு அழுவல. யார் பேர முதல்ல சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறாரு."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

"நானே சொல்லிடறேன். முதல் பேரு அருண்குமார். என் கொழுந்தன். அடுத்தது, அன்னிக்கு அவன்கூடப் போன அத்தன பேரோட பேரும். அதுக்கப்புறம் மேல யாரு, கீழ யாருன்னா இன்னா, பக்கத்துல யாருன்னா இன்னா? அம்மா, பாடுங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. செல்வனுக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு பத்திரிகை அடித்தார், இரண்டு பிளெக்ஸ் கட்டினார். நாலிலும் அருண் பெயரைப் போட மறந்திருந்தார். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வர, மைக் இல்லாமலே, "அருண்குமார்" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த கணம் சகோதரிகள் இருவரும் பாட ஆரம்பித்தார்கள். இரண்டு பேரிடமும் 'நீங்கதான் முதல்ல' என்று சொல்லியிருந்தார் அல்லவா? ஒரே நேரத்தில், வேறு வேறு பாட்டு, வேறு வேறு சுருதி. அக்கா மோகனம், தங்கை சகானா. செம்பியன் ஒரு மிருதங்கத்தை மடியில் வைத்து இன்னொன்றைக் காலால் இழுத்தார். வயலின்காரர் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரணடைந்துவிட்டார்.

"ஆரம்பிச்சிடுச்சிடா!" என்று மீன் மார்க்கெட் எழுந்து நின்றது.

செல்வன் கண்ணை மூடிக்கொண்டார். தொழிற்சாலையாக இருந்தால் இந்நேரம் சைரனை அழுத்திவிட்டு ஓடியிருப்பார்.

இரண்டு குரலும் ஒன்றாக நின்றன. சௌந்தரம் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். பொன்னி அக்காவைப் பார்த்தார்.

"நீ பாடு" என்றார் அக்கா. மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நீ பெரியவ. நீ பாடுக்கா."

"அக்கான்னு கூப்பிட்டியாடி?"

"எத்தன நாளாச்சு கூப்பிட்டு…"

அவ்வளவுதான். நடுவில் இருந்த இடைவெளியில் இருவரும் தவழ்ந்து வந்து கட்டிக்கொண்டார்கள். அழுதார்கள் பாருங்கள், மண்டபமே கரைந்துவிட்டது. சண்டை பார்க்க வந்த மீன் மார்க்கெட் நாற்பது பேரும் லுங்கி நுனியால் மூக்கைச் சிந்தினார்கள். நகைக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்துவிட்டார். எந்த மாயத்தில் வந்தாரோ, இரண்டு பக்கத்துப் படியிலும் ஏறி இறங்கி ஆளுக்கொரு வெள்ளைத் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார் கொளஞ்சி.

அப்புறம் பாடினார்கள். ஒரே சுருதியில், தோளோடு தோள் உரச உட்கார்ந்து, அக்கா விட்ட இடத்தைத் தங்கை பிடிக்க, தங்கை ஏறிய இடத்துக்கு அக்கா வந்து சேர, அப்படி ஒரு பாட்டைக் கடலூர் கேட்டதில்லை. இத்தனை நாள் பிரிந்திருந்தவர்கள் ஒத்திகையே இல்லாமல் ஒரு சங்கதி பிசகாமல் எப்படிப் பாடுகிறார்கள் என்று செல்வன் மெய்சிலிர்த்துப்போனார். தனி ஆவர்த்தனத்துக்குக்கூட ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு மிருதங்கத்தை வீணாகச் சுமந்து வந்தோமே என்ற ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துச் செம்பியன் பிளந்து கட்டினார்.

மங்களம் பாடி முடிந்து கைதட்டல் ஓயாத நேரத்தில், முன்வரிசையைப் பார்த்தார் செல்வன். காலி நாற்காலியில் ஆள் இருந்தது.

"டேய் செல்வம்" என்றார் தட்சிணாமூர்த்தி.

செல்வன் மேடையிலிருந்து படியை மறந்து குதித்தார். "அண்ணே! எப்பண்ணே வந்த?"

"நீ பேசாம நின்னியே, அப்பவே தூணுக்குப் பின்னாலதான் இருந்தேன். உம் பொண்டாட்டி அருண் பேரச் சொன்னா பாரு, அதுக்கப்புறம் பின்னால நிக்க முடியலடா."

"உனக்குப் பத்திரிகைகூட குடுக்கலியேண்ணே."

"குடுக்காததாலதான் வந்தேன். குடுத்திருந்தா எம்பேரு எங்க இருக்குன்னு தேடியிருப்பேன்." அண்ணன் சிரிக்கப் பார்த்தார், அது அழுகையாக வந்தது. "பண்ருட்டி பஸ் பூரா இதே பேச்சு. அக்கா தங்கச்சி சண்டைய பாத்துட்டு வரலாம்னு நானும் ஏறிட்டேன். வந்து பாத்தா அவுங்களே சேந்துட்டாங்க. நமக்கு இன்னாடா வந்துச்சு?"

அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டார்கள். இஸ்மாயில் ஓடிவந்து இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பெரியண்ணே, அடுத்த பத்திரிகைல உங்க பேரத் தனித்தாள்லயே அடிக்கிறேன்."

"வாய மூடுடா" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தார் தட்சிணாமூர்த்தி. இளவரசி அண்ணனுக்கு ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து நீட்டினாள். கல்யாணத்தில் சாப்பிடாமல் போனவர் அதை வழித்துச் சாப்பிட்டார்.

சகோதரிகள் கைகோத்தபடி வெளியே வந்து ஒரே காரில் ஏறினார்கள். தங்கைக்காகப் பிடித்த கார் காலியாகத் திரும்பிப் போனது. வாசலில் நின்ற ஊரே செல்வனைப் பார்த்துக் கும்பிட்டது. செல்வனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, நனைந்த துண்டுகளைப் பிழிந்து டிக்கியில் உலர்த்திக்கொண்டிருந்த கொளஞ்சியிடம் போனார்.

"பாத்தியா கொளஞ்சி? எவ்ளோ நாள் பகை! நம்ம மேடையில தீந்துச்சு. எப்படி அழுதாங்க பாத்தியா?"

கொளஞ்சி டிக்கியைச் சாத்தினார்.

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மிதான் சார். போன வாரம் விருத்தாசலத்துல சேரும்போது ரெண்டு பேரும் இதவிட நல்லா அழுதாங்க."